கடைசி டிங்கிக்குப் பின்னால் ஒரு முதலை

முப்பத்தொன்று. இந்த எண்ணை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஜிங்கா நாலா இறங்குதுறையில் கட்டிக் கிடக்கும் டிங்கிகள், அதாவது சின்ன மீன்பிடிப் படகுகள், முப்பத்தொன்று. அந்தக் கரையில் மிதவைத் துறையும் வாட்டர் ஸ்போர்ட்ஸும் கொண்டுவரப்போவதாகச் சொன்ன கம்பெனியின் வண்ண வரைபடத்தில், அதே இடத்தில், டிங்கிகள் பூஜ்யம். வரைபடம் போட்டவனுக்குக் கண் கெட்டுப்போகவில்லை. எண்ணத் தெரியாதவனும் இல்லை.

இந்த முப்பத்தொன்றையும் அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. காரணம் ஒரு போட்டோ. அதை எடுத்தவர் அந்த டிங்கிக்காரர்களில் ஒருவரின் தங்கை. பெயர் டயானா. இது அவரைப் பற்றிய கதை. அவரைப் பாராட்டி மட்டும் எழுதினால் அவரே என்னைத் திட்டுவார். ஆகவே அவர் செய்த தவறையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டயானாவுக்கு வயது நாற்பத்து மூன்று. அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கப்பலேறி போர்ட் பிளேர் வந்த படகுத் தச்சர். வீடு மின்னி பேயில். அண்ணன் மத்தியாஸ் கடலுக்குப் போனார். டயானா பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு ஸ்டூடியோவில், கல்யாணப் பெண்களின் முகத்திலிருக்கும் பருவைக் கம்ப்யூட்டரில் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பதினோரு வருடம் பரு துடைத்தார். பிறகு டெலானிபூர் ஏற்றத்தில், அரசு குவார்ட்டர்ஸுக்கு எதிரே, ஒற்றை அறையில் சொந்தக் கடை. டிரான்ஸ்பரில் வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் பாஸ்போர்ட் சைஸ். தீவுவாசி என்று காட்டும் ஐலண்டர் கார்டுக்கு போட்டோ. கூப்பிட்டால் கல்யாணம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "இருநூறு கல்யாணம் கிட்ட நின்னு பாத்தாச்சு, போதும்" என்பது பதில்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த லென்ஸ் வந்தது. நூற்றைம்பதிலிருந்து அறுநூறு மில்லிமீட்டர் வரை நீளும் ஜூம். பறவை பார்க்க வந்த மெயின்லேண்ட்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய சரக்கு. இரண்டு கிலோ எடை. ஃபுட்பால் மைதானத்துப் பையன்கள் அதற்கு வைத்த பெயர் பீரங்கி. இந்தத் தீவில் வருடத்தில் பாதிக்கு மேல் மழை. லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிட்டால் அதைத் தலைமாட்டில் வைத்து அழ வேண்டியதுதான். டயானா அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டிருப்பார். வீட்டு வாசலில் பல்பு ஃபியூஸ் போய் இரண்டு மாதம் இருட்டாகக் கிடந்திருக்கிறது. பீரங்கியின் பெட்டி ஒரு நாளும் இருட்டாக இருந்ததில்லை. தாங்குகோல் காசு கொடுத்து வாங்கவில்லை. மத்தியாஸின் உடைந்த துடுப்புக் காம்பின் நுனியில் அப்பா ஒரு திருகாணி இறக்கிக் கொடுத்தார். அதை மண்ணில் ஊன்றி, மேலே பீரங்கியைத் திருகி, பின்னால் டயானா குனிந்து நிற்பார்.

காலையில் பெரார்கஞ்ச் வயலில் கொக்கு. மாலையில் தீவுகளுக்கிடையிலான ஃபுட்பால். இரண்டும் ஒரே வேலை என்பார்.

"பந்தப் பாத்துக்கிட்டே இருந்தா பந்து கிடைக்காது. அடிக்கப் போறவன் இடுப்பு எங்கன திரும்புதுன்னு பாக்கணும். கொக்கும் அப்படித்தான். பறக்கதுக்கு முந்தி எச்சம் கழியும். கழிஞ்சிச்சா, விரல வச்சு அமுக்கு."

அந்த லென்ஸை வைத்து அவர் முதலில் கற்ற பாடம் ஒரு பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில். முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரே, வெகு தூரத்தில் நின்றுகொண்டு, ஓடிவரும் பெண்பிள்ளைகளை எடுத்தார். படத்தில் மூன்றாவதாக வந்த பிள்ளை முதலாவதாக வந்தவளின் தோளோடு தோளாகத் தெரிந்தாள். மூன்றாவது பிள்ளையின் தகப்பன் அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஹெட்மாஸ்டரின் மேஜையைக் குத்தினார். நடுவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சருக்கு ஒரு வாரம் தூக்கமில்லை.

தூரத்தில் நின்று நேராக எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டிக்கொண்டு தெரியும். கண்ணுக்கும் அப்படித்தான். ஆனால் கண்ணுக்கு அவ்வளவு தூரத்தில் எதுவும் தெரியாது, அதனால் ஏமாறுவதில்லை. பீரங்கி அதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும், அதனால் ஏமாறுவோம். டயானா மறுநாளே ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டார். நேராக எடுத்த ஒவ்வொரு பந்தயப் படத்தின் பின்னாலும் அதைக் குத்துவார்: "இந்தப் படம் தூரத்துக்குச் சாட்சி அல்ல."

இப்படி ஸ்டாம்பு வைத்திருந்த மனுஷிதான் தவறு செய்தார்.

ஜிங்கா நாலா போர்ட் பிளேருக்கு வெளியே ஒரு உப்பங்கழி. இரண்டு கரையிலும் சதுப்புக் காடு. மாதா திருவிழாவுக்கு அங்கே டிங்கிப் பந்தயம் நடக்கும். அன்றைக்கு எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுத் துடுப்பு போடுவார்கள். முதலில் வரும் டிங்கிக்குக் கோப்பை. கடைசியில் வரும் டிங்கிக்கு அதைவிடப் பெரிய மரியாதை: கோயில் அசன விருந்துக்குச் சோறு வடித்த அண்டா, குண்டா அத்தனையையும் அந்த டிங்கியில் வந்த ஆண்கள் தேய்க்க வேண்டும். பெண்கள் சுற்றி நின்று கரி போகவில்லை என்று திரும்பத் திரும்பத் தேய்க்க வைப்பார்கள். ஆகவே ஊர் முழுக்கக் கோப்பையைப் பார்க்காது, கடைசி டிங்கியைத்தான் பார்க்கும்.

போன வருடம் கடைசியில் வந்தது மத்தியாஸ். டயானா நாலாவின் வளைவில் ஒரு பாறை மேல் துடுப்புக் காம்பை ஊன்றி, அண்ணனின் முகம் போகிற போக்கைச் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டிருந்தார். மத்தியாஸ் திருப்புமுனைக்கு அடையாளமாகக் கல் கட்டி மிதக்கவிட்டிருந்த நீல ஜெரிகேனைத் தொட்டுக்கொண்டு திரும்பினார். அந்த நேரம் அவருக்குப் பின்னால் ஒரு முதலை, கரைக்குக் கரை நாலாவைக் கடந்தது. வலை கட்டும் பழைய கம்பு ஒன்று அங்கே நட்டிருக்கிறது. முதலையின் மூக்கு அந்தக் கம்பில் இடித்துத் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. டயானா ஒன்பது தடவை அமுக்கினார்.

ஒன்பதில் ஒரு படம். முன்னால் மத்தியாஸ், பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க. தோளுக்குப் பின்னால், டிங்கியின் வால்பக்கத்தை ஒட்டி, முதலையின் தலை. கண் தெரிகிறது. அதன் முதுகின் மேடுகள் தெரிகின்றன. உற்றுப் பார்த்தால் மத்தியாஸ் கூர்மை, முதலை கொஞ்சம் மங்கல். அந்த மங்கலுக்கு என்ன அர்த்தம் என்று டயானாவுக்குத் தெரியும். இரண்டும் ஒரே தூரத்தில் இல்லை.

தெரிந்தும், அன்று சாயங்காலம் அந்தப் படத்தை போனில் போட்டபோது கீழே எழுதினார்: "ஒரு துடுப்பு தூரம்." ஒரு துடுப்பு என்றால் இரண்டரை மீட்டர். ரப்பர் ஸ்டாம்பு மேஜை டிராயரில் தூங்கியது.

"ஏன் எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"கொழுப்பு" என்றார். "பதிமூணு வருஷம் பாஸ்போர்ட் சைஸ் எடுத்தவளுக்கு அப்படி ஒரு படம் கிடைச்சா நீங்க என்ன எழுதுவீங்க? 'சுமாரா ஒரு முதல'ன்னா?"

படம் தீவு முழுக்கச் சுற்றியது. பேப்பரில் வந்தது. மெயின்லேண்ட் பத்திரிகை ஒன்று அட்டைப்படத்துக்குக் கேட்டது. ஆறாவது வாரம் ஜிங்கா நாலாவில் ஒரு பெரிய போர்டு எழுந்தது. அதில் டயானாவின் படம், மூன்று மொழியில் டயானாவின் வரி, அதன் கீழே உத்தரவு: பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு இந்த இறங்குதுறை மூடப்படுகிறது, மாதக் கடைசிக்குள் டிங்கிகளை அகற்ற வேண்டும். எங்கே கொண்டுபோவது என்று அதில் எழுதவில்லை.

மத்தியாஸின் மனைவி கிளாரா மீன் விற்கிறவர். கூடையோடு நேராக டெலானிபூர் ஏறி வந்தார். கடையில் ஐலண்டர் கார்டுக்கு உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏட்டி, உங்க அண்ணன முதல தின்னிருந்தாக்கூட ஒரு வீட்டு அடுப்புதான் அணைஞ்சிருக்கும். நீ முப்பத்தொரு அடுப்ப அணைச்சிட்டியே. அந்தப் பீரங்கிய கடல்ல கொண்டு போடு."

"மைனி, இரி. தண்ணி குடி."

"தண்ணியா? உன் முதல நிக்கிற தண்ணியா?"

கிளாரா போன பிறகு டயானா கடைக் கதவைச் சாத்திவிட்டு, ஒன்பது படங்களையும் வரிசையாகத் திறந்து பார்த்தார். நீல ஜெரிகேன் இருக்கிறது. வலைக்கம்பு இருக்கிறது. இரண்டும் இன்னும் நாலாவில் அதே இடத்தில் இருக்கின்றன. அளந்தால் தெரிந்துவிடும். ஆனால் அளந்து சொல்வது யார்? சொன்னால் அட்டைப்படம் போகும், பெயர் போகும், "பொய் போட்டோக்காரி" என்று டெலானிபூர் முழுக்கச் சொல்லும். சொல்லாவிட்டால் டிங்கி போகும்.

மறுநாள் கம்பெனி மேனேஜர் ஸ்ரீதர் வந்தார். சென்னைக்காரர், நல்ல சட்டை. அந்தப் படத்தை ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் பெரிதாக வைக்கப்போகிறோம், உங்கள் பெயரோடு, என்றார். வாட்டர் ஸ்போர்ட்ஸ் தொடங்கியதும் வருகிறவர்களைப் படமெடுக்கும் வேலை வருடம் முழுக்க உங்களுக்கே, என்றார்.

"அங்க முதல இருக்குன்னுதானே டிங்கிய எடுக்கச் சொல்லுதாங்க. உங்க ஆளுங்க தண்ணில குதிச்சா முதல லீவு போடுமா?"

"நாங்க நெட் போடுவோம் மேடம். சேஃப்டி எல்லாம் இண்டர்நேஷனல்."

"அந்த நெட்ட டிங்கிக்காரனுக்குப் போடலாமே."

"அது பாலிசி மேட்டர். இங்க பாருங்க, நீங்க பொய் சொல்லல. கேமரா என்ன பாத்துதோ அதத்தான் எடுத்தீங்க. நீங்க எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தா போதும்."

"சும்மா இருக்கதுக்குத் தனியா ஆள் வச்சிருப்பீங்களே. அவங்க கிட்ட கேளுங்க. நமக்கு வேலை கிடக்கு" என்றார் டயானா. "பாஸ்போர்ட் சைஸ் வேணும்னா உக்காருங்க. காது தெரியற மாதிரி முடியத் தள்ளுங்க."

அன்றே இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று பத்திரிகைக்கு: படத்தின் கீழே உள்ள வரி தவறு, நான் எழுதியது, மாற்றுங்கள். பத்திரிகை வரியை மாற்றவில்லை, படத்தை மாற்றிவிட்டது. அட்டையில் ஒரு புலி வந்தது. இன்னொன்று உத்தரவு போட்ட இலாகாவுக்கு: மாதம் முடிவதற்குள் சம்பவ இடத்தில் வைத்து என்னை விசாரிக்க வேண்டும், தூரத்தை உங்கள் ஆள் உங்கள் கண்முன்னால் அளக்க வேண்டும். கீழே முப்பத்தொரு டிங்கிக்காரர்களின் கையெழுத்து. கையெழுத்து வாங்கக் கரையில் கிளாராதான் கூட நடந்தார். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே நடந்தார்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அதிகாரி வந்தார். பகல் பதினோரு மணி. கூடவே இலாகா சர்வேயர் நாகராஜ், கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், கையில் டேப். ஸ்ரீதரும் கூலிங் கிளாஸோடு வந்து ஓரமாக நின்றார். அழைத்தது யார் என்று தெரியவில்லை. ஊர் முழுக்கக் கரையில்.

அதிகாரி போர்டைக் காட்டி இந்தியில் கேட்டார். "இது உங்கள் போட்டோதானே? ஒரு துடுப்பு என்று எழுதியது நீங்கள்தானே?"

"ஹான் சாப். நாந்தான் எடுத்தேன். நாந்தான் எழுதினேன். தெரிஞ்சே தப்பா எழுதினேன்." இதையும் இந்தியில் சொல்லிவிட்டு, ஊருக்குக் கேட்கும்படி தமிழில் திரும்பச் சொன்னார்.

அதிகாரி விடவில்லை. "தூரம் கிடக்கட்டும். முதலை இருக்கிறதா, இல்லையா?"

நியாயமான கேள்வி. மத்தியாஸ் முன்னால் வந்தார்.

"இருக்கு சாப். எங்க அப்பன் காலத்துலயும் இருந்திச்சு. அதுக்குத்தான் நாங்க கரையில மீன் குடல் போடுறதில்ல. தண்ணில கால வைக்கதுக்கு முந்தி டிங்கி பக்கத்துல துடுப்பால மூணு தட்டு. சின்னப் பிள்ளைங்கள இங்கன குளிக்க விடுறதில்ல. நீங்க எழுதித் தரச் சொன்னா எழுதித் தாறோம். முதல இருக்குன்னு டிங்கி போவணும்னா, இந்த சாரோட வாட்டர் ஸ்கூட்டர் மட்டும் எப்படி வரும்? மெயின்லேண்ட் சதை முதலைக்குப் பிடிக்காதா?"

கரை சிரித்தது. ஸ்ரீதர் கண்ணாடியைத் துடைத்தார்.

டயானா பாறையில் துடுப்புக் காம்பை ஊன்றிப் பீரங்கியைப் பூட்டினார். அதிகாரியைப் பின்னால் நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னார். நீல ஜெரிகேனும் வலைக்கம்பும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"கித்னா தூரம் சாப்? ரெண்டுக்கும் நடுவில?"

"மூன்று மீட்டர். நான்கு இருக்கலாம்."

"சரி. வாங்க, டிங்கியில ஏறுவோம். அந்த ஜெரிகேன் பக்கத்துல போய் நின்னு அந்தக் கம்பப் பாருங்க."

அதிகாரி டிங்கியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், போர்டில் இருந்த முதலையைப் பார்த்தார். நகரவில்லை.

"பயப்படாதிய சாப்" என்றார் கிளாரா. "ஒரு துடுப்பு தூரத்துலதான் நிக்கும்."

நாகராஜ் செருப்பைக் கழற்றினார். "நான் ஏறுறேங்க சார். ஆனா டேப் முப்பது மீட்டருதாங்க. பத்தாதுபோல."

"கயிறு இருக்கு" என்றார் மத்தியாஸ். ஆழம் பார்க்கும் கயிறு. பாகத்துக்கு ஒரு முடிச்சு. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி. அதிகாரி தலையை ஆட்டினார். ரிப்போர்ட்டில் பாகம் என்று எழுத முடியாது, மீட்டர் வேண்டும்.

"அப்ப கயித்த விடுங்க. அந்த முடிச்சப் போட்ட ஆள அளங்க" என்றார் டயானா.

மத்தியாஸ் கரையில் கையை விரித்து நின்றார். நாகராஜ் டேப் பிடித்தார். ஒரு மீட்டர் எண்பத்து மூன்று. அப்புறம் கயிற்றில் நாலைந்து முடிச்சுகளை எடுத்து, ஒவ்வொரு இடைவெளியும் அதே அளவா என்று பார்த்தார். அதே அளவு.

"கல்யாணச் சட்டைக்கு அளவு எடுக்கயிலயும் இப்படித்தான் நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு" என்றார் கிளாரா. "சட்டை பத்தல."

மத்தியாஸ் துடுப்பால் டிங்கியை மூன்று தட்டு தட்டினார். டிங்கி போயிற்று. கயிற்றின் ஒரு நுனியை ஜெரிகேனில் கட்டி, வலைக்கம்பை நோக்கி விட்டுக்கொண்டே போனார்கள். நாகராஜ் ஒவ்வொரு முடிச்சுக்கும் கையைத் தூக்கினார். கரை எண்ணியது. தமிழில் தொடங்கி, பத்தைத் தாண்டியதும் பக்கத்து வங்காளிகளும் தெலுங்கர்களும் சேர, இந்திக்கு மாறியது. இருபது வந்தபோது ஸ்ரீதர் போனை எடுத்துக்கொண்டு ஜீப் பக்கம் போனார். முப்பதில் அதிகாரி மறுபடியும் பீரங்கியில் கண் வைத்தார். டிங்கி இப்போதும் கம்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதுபோலத்தான் தெரிந்தது. கண்ணை எடுத்துப் பார்த்தார், வைத்துப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியும் கயிறு போய்க்கொண்டே இருந்தது.

நாகராஜ் திரும்பி வந்து, கரையில் குத்தவைத்து, முடிச்சுக் கணக்கை ஒரு மீட்டர் எண்பத்து மூன்றால் பெருக்கி, எழுதி, கையெழுத்துப் போட்டார். "தப்பில்லீங்க சார். ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

அதிகாரி நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. மேலிடத்துக்கு எழுதுகிறேன், அதுவரை டிங்கிகள் இருக்கட்டும், உத்தரவு நிறுத்தி வைக்கப்படுகிறது, என்றார். நிறுத்தி வைப்பது வேறு, ரத்து செய்வது வேறு. இது எல்லாருக்கும் தெரியும். எழுத்தில் தாருங்கள் என்று டயானா கேட்டார். ஜீப் பானட்டின் மேல் வைத்து எழுதி வாங்கும்வரை ஊர் ஜீப்பைச் சுற்றியே நின்றது.

போர்டைக் கழற்ற மட்டும் மறுத்துவிட்டார்கள். போர்டு வேறு செக்ஷன், அதற்கு வேறு ஃபைல்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, டயானா ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்டோடும் ஒரு டப்பா சிவப்போடும் வந்தார். ஏணியைக் கிளாரா பிடித்துக்கொண்டார்.

"மேடம், சர்க்காரி போர்டு. கேஸ் ஆயிடும்" என்றார் காவலாளி.

"போட்டோ என்னோடது. தப்பும் என்னோடது. கேஸ் மட்டும் வேற யாரோடதா இருக்கும்? எழுதிக்கோங்க பையா, ஸ்பெல்லிங் நான் சொல்லுதேன்."

"ஏட்டி, பேசாம அடி. ஏணி ஆடுது" என்றார் கிளாரா.

மூன்று மொழியிலும் இருந்த தன் வரியை வெள்ளையால் அழித்தார். காயும்வரை இரண்டு பேரும் டிங்கி நிழலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். காவலாளிக்கும் ஒரு கிளாஸ் போயிற்று. பிறகு மூலையில், யாரும் தேடி அலைய வேண்டாம் என்று, தன் பெயரையும் கடை விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதினார். அதன் பக்கத்தில் டிராயரிலிருந்து கொண்டுவந்த ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார். கடைசியாக, பழைய வரி இருந்த இடத்தில், முழ உயரச் சிவப்பு எழுத்தில், முதலைக்கும் தன் அண்ணனுக்கும் நடுவே இருந்த தூரத்தை எழுதினார்.

128 மீட்டர்.